இரண்டு சுப்பிரமணிகளின் ரத்தம்

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு நரம்பைத் தேடிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எந்தக் குழாய்க்கு எந்த மூடி, ஐஸ் பெட்டியில் எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆடிட் நாள் என்றால் என்ன என்று அங்கே ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். திருப்பூர்ப் பக்கம் ரத்தம் எடுக்கப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஓர் ஆளை அனுப்பி, கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று சுற்றிப் பார்க்கச் சொல்லும் நாள்தான் ஆடிட் நாள். அன்றைக்குக் கழிப்பறைக்குச் சோப்பு வரும். மூட்டைகளால் அடைந்து கிடந்த அவசர வழிக் கதவு திறக்கும். முதலுதவிப் பெட்டியில் இருந்த பீடிக்கட்டு வெளியே போய்ப் பஞ்சு உள்ளே வரும். காட்டத் தகுந்த ஆட்கள் உள்ளே இருப்பார்கள், காட்டத் தகாதவர்கள் வண்டியேறி எங்கேயாவது போய்விடுவார்கள். இதில் யாருக்கும் வெட்கமே கிடையாது. விருந்தாளி வந்தால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதில்லையா, அது மாதிரிதான் மேடம் என்று ஒரு மேனேஜர் எனக்கே விளக்கம் சொன்னார். அழுக்குத் துணி என்று அவர் சொன்னது மனிதர்களை.

நான் தொழிலாளர் உடல்நல ஆய்வுக்கூடம் ஒன்றில் தலை நரைக்கும் வரை களப்பணி பார்த்தவள். சாயப்பட்டறை, கோழிப்பண்ணை, தறிக்குடோன் என்று எல்லா இடத்திலும் குத்தியிருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று எனக்கு நல்ல பெயர். உங்களுக்குச் சொல்ல ஒரே ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், கூத்தை மாற்றவில்லை.

அருள்புரம் பக்கம் ஒரு கம்பெனி. பனியனில் ஆரம்பித்து, பிறகு பல்லடத்துத் தறித்துணியை வாங்கி ஹோட்டல் திரைச்சீலையும் சோபாத் துணியும் செய்து ஏற்றுமதி பண்ணினார்கள். அந்தத் துணி சட்டென்று தீப்பிடிக்கக் கூடாது. அதற்காகத் துணியின் முதுகில் ஒரு பசையைத் தடவுவார்கள். பசையில் புரோமின் கலந்த வெள்ளைப் பவுடர் இருக்கும். மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது அது அறையெல்லாம் பறக்கும். மூச்சோடு போகும், கழுவாத கையால் சாப்பிட்டால் சோற்றோடும் போகும். உள்ளே போனது ரத்தத்தில் தெரியும், தாய்ப்பாலிலும் தெரியும். தைராய்டைத் தொந்தரவு செய்யும், வளரும் குழந்தைக்கு ஆகாது என்கிற சந்தேகம் படித்தவர்களுக்கு உண்டு. ஆனால் ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை, இதற்கு மேல் ஆபத்து என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு கோடு இன்னும் இல்லை. அந்தக் கோடு இல்லாததை வைத்துக்கொண்டு நம் ஊரில் பல பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பவுடரோடு பழகும் தொழிலாளர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து அனுப்பினால்தான் அடுத்த ஆர்டர் என்று பையர் சொல்லிவிட்டார். கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம், பத்தடி தூரத்துக்கு சென்ட் வாசனை. வாசலிலேயே கை கூப்பி வரவேற்றார்.

"வாங்க மேடம், வாங்க. நீங்க ஒண்ணும் பயந்துக்க வேண்டாமுங்க. பவுடர்னா வெறும் பவுடருங்க. கொழந்தைக்கு மூஞ்சிக்குப் பூசறமில்லீங்களா, அந்த மாதிரிதானுங்க."

"அப்படீங்களா? உங்க ஊட்ல கொழந்தைக்கு இதத்தான் பூசறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் ஆடிட் சிரிப்புதான், நன்றாகப் பழகியது.

கம்பளம் விரித்த ஏசி ஹாலில் மெத்தை நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார். அங்கே எடுக்க முடியாது என்றேன். மெத்தையிலும் கம்பளத்திலும் இதே சரக்கு இருக்கும், அந்தத் தூசி குழாயில் விழுந்தால் யாருடைய ரத்தத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. கழுவித் துடைத்த கேன்டீனில் பிளாஸ்டிக் ஸ்டூல் போதும் என்றதும் மனிதர் முகம் வாடிப்போனது. பையரின் பெங்களூர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரியைக் கேன்டீனில் உட்கார வைப்பதா என்பது அவர் கவலை. அந்த அதிகாரியோ உட்கார்ந்ததும் கைப்பேசியில் தலையைக் கவிழ்த்தவர், சாப்பாட்டுக்குத்தான் நிமிர்ந்தார்.

முதல் ஆள் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் தொங்கிய கார்டில் கோட்டிங் ஆபரேட்டர் என்று இருந்தது. கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"காலைல என்னங்க சாப்பிட்டீங்க?"

"எங்க கம்பெனில கட்டாய வேல கெடையாதுங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கிண்டல் இல்லை, முகத்தில் அவ்வளவு பக்தி.

"அது சரிங்க. இட்லியா, தோசையா?"

"வாரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டுங்க. மாஸ்க்கு, கிளவுசு எல்லாம் குடுத்திருக்காங்க. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சம்பளமுங்க."

அடுத்து வந்த பெண்ணின் நகத்தில் பூச்சு இன்னும் முழுதாகக் காயவில்லை. கார்டில் கோட்டிங் ஹெல்பர். உங்க சூப்பர்வைசர் பேர் என்ன கண்ணு என்றால், புகார்ப் பெட்டி கேன்டீன் பக்கத்துல இருக்குதுங்க என்கிறாள். மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் விரலெல்லாம் பஞ்சு மாதிரி. பசை கலக்குகிறவர் கையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நகக்கண்ணில் வெள்ளையாக இறுகிப்போயிருக்கும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கேன்டீனில் அப்படி ஒரு கையும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர் தட்டுகிற கைகள்.

எனக்குப் புரிந்துவிட்டது. எந்த ஆடிட் வந்தாலும் பேட்டிக்கு உட்கார வைக்க இந்தக் கம்பெனியில் ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. பதிலெல்லாம் மனப்பாடம். ரத்தப் பரிசோதனை என்றதும் அதே கூட்டத்தை அதே மாதிரி அனுப்பிவிட்டார் அந்த மனிதர். மோசம் செய்கிறோம் என்ற நினைப்புகூட அவருக்கு இல்லை. யாராவது வெளியிலிருந்து வந்தால் நல்ல ஆட்களைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ரத்தத்துக்குப் பதில் சொல்லிக் கொடுக்க முடியாது என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. இப்படி ஒரு தப்பை இந்த ஊர்க்காரர்தான் செய்ய முடியும் என்று எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே போய் எங்கள் தலைமை அதிகாரிக்கு போன் செய்தேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "பிரச்சினை பண்ணாம எடுத்துட்டு வாங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் வாய்க்கு அந்த நிமிஷத்தில் கேன்டீன் நடுவில் நின்று கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன ஆகும்? முகாம் ரத்தாகும். வேறு ஓர் ஆய்வுக்கூடம் வரும், இதே கைகளில் குத்திவிட்டு எல்லாம் நலம் என்று எழுதிக் கொடுத்துப் போகும். உண்மையில் பவுடர் தின்றவர்களின் ரத்தத்தை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்க மாட்டார்கள். கத்துவது எனக்கு மட்டும்தான் சுகம். அதனால் வாயை மூடிக்கொண்டு, உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் எடுத்தேன். மனசுக்குள் மட்டும், அந்த ஆட்களை எங்கே கொண்டுபோய் ஒளித்திருக்கிறார்கள் என்ற ஒரே கேள்வி.

பதில் தானாகவே வந்தது. ஆட்களை ஒளித்து வைக்கலாம், அவர்கள் பசியை ஒளிக்க முடியாது. மதியம் ஆனதும் கேன்டீன் மாஸ்டர் தக்காளிச் சோற்றுப் பொட்டலங்களைக் கூடை கூடையாகக் கட்டி வெளியே நின்ற குட்டியானை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்.

"இத்தனை பொட்டலம் எங்கீங்க போகுது?"

"அவிநாசிபாளையம் பக்கம் கல்யாண மண்டபத்துக்குங்க. நம்ம கோட்டிங் ஆளுகளுக்கு" என்றார் அவர், மறைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மேஜையை, எங்களிடம் புதிதாகச் சேர்ந்து அன்று பிந்தி வந்திருந்த பெண்ணிடம் விட்டேன். இன்னொரு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"மேடம், நீங்களும் மண்டபத்துக்குங்களா?"

"ஆமாங்க. என்னையும் காட்டக் கூடாதாம்" என்றேன். பாவம், நம்பிவிட்டார்.

மண்டபத்தில் மணமேடை மேலேயே நாலு பேர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே சீட்டுக்கட்டு ஓடியது. ஆடிட் வந்தால் தங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று நின்றபடியே சொன்னேன். எடுத்த ரத்தம் எங்கே போகும், என்ன பார்ப்பார்கள், முடிவு அவரவர் கைக்குத்தான் வரும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொன்னேன். சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார்கள். பிறகு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து வந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. எனக்குத் தேடிய கை கிடைத்துவிட்டது.

"என்ற பேரு சுப்பிரமணிங்க. மிக்ஸிங் ஆபரேட்டர். கார்டு கேக்காதீங்க, கார்டு கம்பெனில இருக்குதுங்க. ஆரோ போட்டுட்டு உக்காந்திருப்பாங்க."

"கார்டு வேண்டாமுங்க, கை போதும்" என்றேன்.

அவர் கொடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கடைசியாகக் கை கழுவும் இடத்துப் பக்கம் போனேன். ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை முன்பக்கம் முழுக்க ஈரம். தொட்டியில் பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள், வலி தாங்காமல் உதட்டைக் கடித்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், பெயர் ஜெபராணி. பிரசவம் முடிந்து திரும்பி வந்ததும் மிக்ஸிங் ரூமிலேயே மூட்டை அவிழ்க்கப் போட்டிருக்கிறார்கள்.

"பிள்ளை எங்கேம்மா?" என்றேன்.

"ஆடிட்டுக்குப் போயிருக்குக்கா."

எனக்கு விளங்கவில்லை.

"கம்பெனியில பிள்ளைங்கள பாத்துக்கிட கிரச்சு இருக்குன்னு காட்டணுமாம். மத்த நாளு அந்த ரூமுல அட்டப்பெட்டிதான் கெடக்கும். இன்னைக்குத் தொட்டிலு, பொம்மை எல்லாம் வச்சிருக்காவ. பிள்ளைக்குத்தான் எங்க போவாவ? காலைல வீட்டுக்கு வந்து எம்பிள்ளையத் தூக்கிட்டுப் போனாவ. அவனக் காட்டணுமாம், என்னையக் காட்டக் கூடாதாம்."

அட கடவுளே! பிள்ளை அங்கே பொம்மைக்கு நடுவில் பாலுக்கு அழுகிறது, தாய் இங்கே தொட்டியில் பாலை ஊற்றுகிறாள். எத்தனையோ கம்பெனி பார்த்தவள் நான், எனக்கே கண் கலங்கிவிட்டது. சற்று நேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் எடுத்தேன். ரத்தம் குழாயில் ஏறும்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எக்கா, அந்தப் பவுடரு எம் பாலுல வருமா?"

"பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

திரும்பி வரும்போது கேன்டீன் வேலை முடிந்திருந்தது. யாரோ ஓர் ஆள் குறைந்ததாகவும், அதிகாரி எதேச்சையாக நிமிர்ந்து காலி ஸ்டூலைப் பார்த்துவிட்டதாகவும், உடனே சுப்பிரமணி என்ற கார்டோடு ஒருவர் வந்து உட்கார்ந்ததாகவும் அந்தப் பெண் சொன்னாள். கார்டைப் பார்த்தாயே, ஆளைப் பார்த்தாயா என்றேன். "நல்லா மணக்க மணக்க இருந்தாருக்கா, மோதிரம் போட்டிருந்தாரு, ஊசியப் பாத்ததும் கண்ண மூடிக்கிட்டாரு" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முடிவுகள் வந்தன. கேன்டீன் கூட்டத்தின் ரத்தத்தில் ஊரில் யாருக்கும் இருக்கிற அளவு. மண்டபத்துக் கூட்டத்துக்கு அதைவிட வெகு அதிகம், ஜெபராணிக்கும் அசல் சுப்பிரமணிக்கும் எல்லாரையும்விட அதிகம். ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. கேன்டீனில் உட்கார்ந்த சுப்பிரமணிக்கும் ஏறக்குறைய அதே அளவு. குழாயில் தூசி விழுந்திருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டோம். அப்படியிருந்தால் அதே மேஜையில் எடுத்த மற்றவர்களுக்கும் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. எங்கள் குழு டாக்டரம்மாவும் நானும் உட்கார்ந்து, யாரை எங்கே வைத்து எடுத்தோம் என்று ஒளிக்காமல் பையருக்கு அறிக்கை எழுதினோம். தலைமை அதிகாரி முகத்தைச் சுளித்தார், டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். யாருக்கு எவ்வளவு என்பதை அவரவரிடம் மட்டும் சொல்வது வழக்கம். கம்பெனிக்குப் போன சுருக்கத்தில், சுப்பிரமணி என்ற கார்டோடு கேன்டீனில் ரத்தம் கொடுத்தவர் எங்களை வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். பையர் தரப்பிலிருந்து உடனே பதில் வந்தது, தொழிலாளர் நலனில் கம்பெனி காட்டும் அக்கறைக்குப் பாராட்டு. அறிக்கையை அவர்கள் எந்தப் பக்கம் வரை படித்தார்களோ தெரியாது.

அந்த ஒரு வரியை ஆனால் ஒருவர் நன்றாகப் படித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பல்லடத்தில் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. கையில் ஆப்பிளும் இனிப்புப் பெட்டியுமாக ஹெச்.ஆர். மேனேஜர். சென்ட் வாசனை குறைந்திருந்தது.

"மேடம், சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க. அந்த சுப்பிரமணிக்கு... ரத்தத்துல எதாச்சும் இருக்குதுங்களா?"

"எந்த சுப்பிரமணிங்க? எங்ககிட்ட ரெண்டு சுப்பிரமணி இருக்காங்க."

"கேன்டீன் சுப்பிரமணிங்க."

"அதை அவருகிட்டத்தாங்க சொல்லுவோம். நீங்க மேனேஜரு, அவரு மிக்ஸிங் ஆபரேட்டரு. ஒருத்தரு ரத்தத்தப் பத்தி இன்னொருத்தருகிட்டச் சொல்லக் கூடாதுங்க. அவரை வரச் சொல்லுங்க."

"அவருக்கு லீவு கெடைக்காதுங்க."

"லீவு குடுக்கறது நீங்கதானுங்களே?"

மனிதர் முழி பிதுங்கி நின்றார். "தொழிலாளி மேல ஒரு அக்கறைல கேட்டனுங்க மேடம்" என்றார். அடேங்கப்பா, என்ன அக்கறை! தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த சுப்பிரமணி நாந்தானுங்க."

அப்போதும் நான் அளவைச் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சொந்தப் பெயரில் மறுபடி கொடுங்கள் என்றேன். வந்தார், கொடுத்தார், கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தார். அதே அளவு வந்தது. சொன்னதும் ஆடிப்போய்விட்டார்.

"ஏனுங்க மேடம், நான் அந்த ரூமுக்குள்ள கால் வெச்சதே இல்லீங்களே! இதுக்கு மாத்திரை எதாச்சும் இருக்குதுங்களா? ஊசி? எவ்வளவு ஆனாலும் பரவால்லீங்க."

"மாத்திரை இல்லீங்க. அந்தக் காத்துல இருந்து வெளிய வரணும். வந்தா மெல்லக் குறையும். அதுதான் வைத்தியம்" என்றார் டாக்டரம்மா. கொழந்தைக்குப் பூசற பவுடர்தானுங்களே என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. டாக்டரம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துவிட்டார்.

கால் வைக்காத மனிதருக்கு எப்படி ஏறியது என்று நாங்கள் போய்ப் பார்த்தோம். போன ஆடிட்டில், மிக்ஸிங் ரூமில் தூசியை வெளியேற்றும் ஃபேன் இல்லை என்று குறை சொல்லியிருக்கிறார்கள். உடனே இவர் ஒரு ஃபேன் வாங்கி மாட்டச் சொல்லியிருக்கிறார். ஃபேன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அது எங்கே ஊதுகிறது என்றா பார்க்கப் போகிறார்கள்? அது நேராக ஒரு நடைபாதைக்குள் ஊதியது. அந்த நடைபாதையிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது இவருடைய கேபினின் ஏசி. ஜன்னலையெல்லாம் மூடிக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். ஏசிப் பெட்டி மேல் விரலால் கோடு இழுத்தேன், வெள்ளையாக வந்தது. கேன்டீன் கூட்டத்தில் ஒருவருக்கும் அந்தப் பக்கம் கேபின் இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிற விஷயம். அவர் தன் கேபினை முன்கட்டிடத்துக்கு மாற்றிக்கொண்டார். தப்பில்லை. தன் ரத்தத்தில் பவுடர் ஏறிவிட்டது, அதனால்தான் இடம் மாறுகிறேன் என்று பார்க்கிறவரிடமெல்லாம் புலம்பவும் செய்தார். சாமான் எடுக்க அந்தப் பக்கம் ஆள் போய் வர வேண்டியிருக்கிறது என்று, ஃபேனை நிறுத்திவிடச் சொல்லிவிட்டும் போனார். அத்தனை தூசியும் மறுபடி மிக்ஸிங் ரூமுக்குள்ளேயே, ஜெபராணி மேலேயே. எவ்வளவு சுலபமாக ஒரு மனிதருக்கு வைத்தியம் முடிந்துவிட்டது பாருங்கள்.

ஜெபராணிக்கு முடிவைச் சொல்ல அவள் இருந்த லைன் வீட்டுக்குப் போனேன். கம்பெனி கொடுத்த ஒற்றை அறை. பையன் மடியில் கிடந்தான். அதிகம் இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லி, டாக்டரம்மாவை போனில் பேச வைத்தேன்.

"பாலை நிறுத்தாதேம்மா. பால்ல கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனா தாய்ப்பாலோட நன்மை அதைவிடப் பெரிசு. நிறுத்த வேண்டியது பவுடரை. அந்த ரூமை விட்டு நீ வெளிய வரணும்."

ஜெபராணி பையனைத் தட்டிக்கொடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள்.

"ரூம விட்டு வரணும்னா வேலைய விட்டு வரணும்பாவ. வேல போச்சுன்னா இந்த வீடும் போச்சு. பிள்ளையத் தூக்கிட்டு நான் எங்கக்கா போவேன்?"

வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேள், கேட்கும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஹெச்.ஆர். மேனேஜரின் புதுக் கேபினில் நின்றோம். பையன் அவள் இடுப்பில். பின்னால் வாசலில் சுப்பிரமணியும் நாலைந்து பேரும். டாக்டரம்மாவின் கடிதத்தை நான் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, முகத்தில் கருணையை வரவழைத்துக்கொண்டார்.

"ஆமாங்க கண்ணு, கைக்கொழந்த வெச்சிருக்கற. ஒடம்புதான் முக்கியம். பேசாம வேலைய விட்டு நின்னுக்க. ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடு."

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ஜெபராணியே பேசிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்கும் ரத்தத்துல அதேதான் இருக்குன்னு நீங்கதான சார் எல்லாருக்கும் சொன்னிய. நீங்க வேலைய விட்டு நின்னியளா? ரூமத்தான மாத்துனிய?"

அவர் என்னைப் பார்த்தார், நான் காப்பாற்றுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியந்தாங்க சார். டாக்டரம்மா உங்களுக்குச் சொன்னதத்தான் இந்தப் புள்ளைக்கும் எழுதியிருக்காங்க" என்றேன்.

வாசலில் நின்ற சுப்பிரமணி தொண்டையைக் கனைத்தார். "ஏனுங்க சார், கேன்டீன் மாஸ்டரு சொன்னாருங்க, என்ற கார்டப் போட்டுட்டு நீங்க ரத்தம் குடுத்தீங்கல்ல? அப்ப நீங்க ஒரு நாளு மிக்ஸிங் ஆளுதானுங்க. எங்களுக்குமு கொஞ்சம் பாருங்க" என்றார். கொங்கு மரியாதை துளியும் குறையாமல் ஒரு மனிதரின் மானத்தை வாங்குவது எப்படி என்று அன்று நான் பார்த்தேன்.

அன்று மதியமே ஜெபராணி செக்கிங் பிரிவுக்குப் போனாள். துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, பவுடர் கிடையாது. அந்த வாரமே ஃபேனை மறுபடி ஓடவிட்டு, அதற்குக் கூரைக்கு மேலே குழாய் வைத்தார்கள். அது எங்கள் அறிக்கையால் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அந்த மனிதரின் கையில் ஊசி ஏறியிராவிட்டால் எங்கள் அறிக்கை அலமாரியில்தான் தூங்கியிருக்கும். சில மாதம் கழித்து ஜெபராணியின் ரத்தத்தை மறுபடி பார்த்தோம், நன்றாக இறங்கியிருந்தது. அவளிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே அழுதாள், நானும்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லி உங்களிடம் கைதட்டு வாங்கியிருப்பேன். நான் ஓய்வு பெற்ற பிறகு, போன வாரம் ஜெபராணி போன் செய்தாள்.

"எக்கா, என் எடத்துல இப்ப ஒரு வடக்கத்திப் பிள்ள நிக்கி. மூட்டைய அவுக்குதா. அதுக்கும் கைப்பிள்ள இருக்கு. கூரையில வச்ச கொழா அடைச்சுப் போச்சு, யாரும் பாக்கல. நான் கையக் காட்டிக் காட்டி வெளிய நில்லுன்னு சொல்லுதேன், அவளுக்குப் புரியல்ல. எனக்கு இந்தி தெரியாது. நீங்க வாங்கக்கா."

"நான் இப்ப வேலைல இல்லையேம்மா" என்றேன்.

"அப்ப வேற யாரையாவது அனுப்புங்க. கம்பெனிக்கு வர வேண்டாம், வந்தா அவள வண்டியில ஏத்திருவாவ. ஞாயித்துக்கெழம என் வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் அவளக் கூட்டியாந்து உக்கார வைக்கேன். பிள்ளையையும் தூக்கியாரச் சொல்லுதேன்."

உங்களில் இந்தி தெரிந்தவர் யார்? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வழி நான் சொல்கிறேன், ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.